2.4 ஜிகாஹெர்ட்ஸா, 5 ஜிகாஹெர்ட்ஸா? வீட்டு வைஃபையில் மடிக்கணினியின் வேகத்தைத் தீர்மானிப்பது சுவரும் அண்டை வீடும்!

பாலக்காடு: வீட்டில் ஃபைபர் இணைய இணைப்பு இருந்தும் மடிக்கணினியில் வேகம் கிடைக்கவில்லை என்றால், பலரும் முதலில் செய்வது கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவதுதான். ஆனால், பல வீடுகளில் வேகம் குறைவது நிறுவனத்தின் ஃபைபர் கம்பியில் அல்ல. ரவுட்டருக்கும் மடிக்கணினிக்கும் இடைப்பட்ட சில மீட்டர் தூரத்தில்தான். அந்த வீடுகளில் மாதக் கட்டணம் கூடினாலும் வேகம் கூடுவதில்லை. ரவுட்டரில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு அலைவரிசைகளில் எது தங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்பதை அறிந்து மாற்றினாலே போதும். அதற்குச் செலவும் இல்லை.

ஒரே ரவுட்டர், இரண்டு விடைகள்

தமிழ்நாட்டின் பொள்ளாச்சிப் பகுதியிலிருந்து கேரளத்துக்குள் நுழையும் வழிகளில் ஒன்று கோபாலபுரம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் இந்த எல்லைப் பகுதியில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே தள்ளித் தள்ளி அமைந்த வீடுகளே அதிகம். இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் நிலைமை வேறு. அங்குள்ள தேயிலைத் தோட்ட லயங்களில் ஒரே கூரையின் கீழ், பொதுச் சுவர்களுடன் குடும்பங்கள் வரிசையாக வசிக்கின்றன. இரு பகுதிகளிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் கணிசமாக உள்ளன. இணைய வழி வகுப்பு, கல்லூரி விண்ணப்பம், வேலைவாய்ப்புத் தேர்வு, வீட்டிலிருந்தே பணி என மடிக்கணினியின் தேவையும் இரு பகுதிகளிலும் ஒன்றுதான்.

ஆனால், ஒரே ரவுட்டரை, ஒரே கட்டணத் திட்டத்துடன் தோப்பு வீட்டிலும் லயத்திலும் பொருத்தினால், எந்த அலைவரிசை நல்லது என்ற கேள்விக்கு இரண்டு வெவ்வேறு விடைகள் கிடைக்கும். எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை இதில் இல்லை.

கேரளத்தில் பரவும் ஃபைபர் இணைப்பு

இணைய வசதியை அடிப்படை உரிமையாக அறிவித்த மாநிலம் கேரளம். அதன் தொடர்ச்சியாக, 'கே-ஃபோன்' எனப்படும் கேரள ஃபைபர் ஆப்டிக் நெட்வொர்க் திட்டத்தை முதலமைச்சர் பினராயி விஜயன் 2023 ஜூன் 5ஆம் தேதி தொடங்கி வைத்தார். மாநில மின்வாரியத்தின் மின்கம்பங்கள் வழியே ஃபைபர் கம்பிகளைக் கொண்டு சென்று, ஏறத்தாழ 30,000 அரசு அலுவலகங்களுக்கு இணைப்பு வழங்குவதும், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு வழங்குவதும் இதன் இலக்கு. கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்களுக்காக அறிவிக்கப்பட்ட தொடக்கத் திட்டம் வினாடிக்கு 20 மெகாபிட் வேகம் கொண்டது. அதன் மாதக் கட்டணம் வரி நீங்கலாக 299 ரூபாய். பிஎஸ்என்எல், தனியார் நிறுவனங்கள், உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் ஆகியோரும் ஃபைபர் இணைப்புகளை வழங்கி வருகின்றனர்.

இந்த 20 மெகாபிட் என்ற எண்ணே முதல் பாடம். ஆழியாற்று நீரை நம்பியிருக்கும் சித்தூர்ப் பகுதி விவசாயிகளுக்கு நன்கு தெரிந்த கணக்கு இது: மதகில் திறந்துவிடும் அளவைவிடக் கூடுதலாகக் கடைமடை வயலுக்கு நீர் வராது. 20 மெகாபிட் திட்டம் வைத்திருப்பவர் எந்த அலைவரிசைக்கு மாறினாலும் 20 மெகாபிட்டைத் தாண்ட முடியாது. அந்த 20 முழுமையாக மடிக்கணினிக்கு வந்து சேர்கிறதா, வழியில் 5 ஆகக் குறைகிறதா என்பதைத்தான் அலைவரிசை தீர்மானிக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட் அளவில் சொல்கின்றன. மடிக்கணினியில் கோப்பு பதிவிறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். 8 மெகாபிட் சேர்ந்ததே 1 மெகாபைட். எனவே, 20 மெகாபிட் திட்டத்தில் வினாடிக்கு 2.5 மெகாபைட் வேகத்தில் கோப்பு இறங்கினால், அது குறைபாடு அல்ல, முழு வேகம்.

'5ஜி' என்ற பெயர் தரும் குழப்பம்

புதிய ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு வைஃபை பெயர்களைக் காட்டுகின்றன. ஒன்றின் இறுதியில் '2.4ஜி' என்றும், மற்றொன்றின் இறுதியில் '5ஜி' என்றும் இருக்கும். இந்த '5ஜி' என்பது கைப்பேசியின் ஐந்தாம் தலைமுறை அலைபேசிச் சேவை அல்ல. நாட்டில் 2022 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்ட 5ஜி சேவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே 'ஜி' என்பது ஜிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம். ரவுட்டர் எந்த வானொலி அலைவரிசையில் பேசுகிறது என்பதை மட்டுமே அது குறிக்கிறது. மடிக்கணினி 5ஜி கைப்பேசிச் சேவையை ஏற்காவிட்டாலும், 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையை ஏற்கும் வசதி அதில் இருக்கக்கூடும்.

இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005 ஜனவரியில் விலக்கு அளிக்கப்பட்டது. இதில் கிடைக்கும் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு அலைக்கற்றையை உரிமம் இன்றிப் பயன்படுத்தும் விதிகள் 2018 அக்டோபரில் வெளியாயின. முதலாவது குறுகலான கிராமச் சாலை என்றால், இரண்டாவது அதைவிட ஏழு மடங்குக்கும் மேல் அகலமான நெடுஞ்சாலை.

அகலம் ஒரு பக்கம், தூரம் மறுபக்கம்

சாலை அகலமாக இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாமே என்று தோன்றலாம். ஆனால், அலைவரிசையின் எண் கூடக் கூட அலைநீளம் குறைகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 ஜிகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். ஒரே ஆற்றலில் அனுப்பினாலும், ஒரே தூரத்தில் உள்ள சாதாரண ஆண்டெனாவுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸில் வந்து சேரும் ஆற்றல், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் கிடைப்பதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். திறந்த வெளியிலேயே இந்த நிலை. இடையில் செங்கல் சுவர், கான்கிரீட் தளம் ஆகியவை வந்தால் இழப்பு மேலும் கூடும்.

எனவே, ரவுட்டர் இருக்கும் அறையிலும் அதற்கு அடுத்த அறையிலும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமாக இருக்கும். இரண்டு, மூன்று சுவர்களைத் தாண்டிய அறையிலும் மாடியிலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் நிலையாக இருக்கும். சுவர் மட்டுமல்ல, இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி ஆகியவையும் அலையைத் தடுப்பவை. மரங்களின் இலைத்திரளும், குறிப்பாக மழையில் நனைந்த நிலையில், 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையை அதிகம் உறிஞ்சும். தோப்பு வீட்டில் ரவுட்டரை உள்ளே வைத்துவிட்டு வெளியே தென்னை நிழலில் அமர்ந்து பணியாற்றுபவருக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸே உதவும்.

லயங்களில் 2.4 ஏன் திணறுகிறது?

2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 1 முதல் 13 வரை எண்ணிடப்பட்டிருந்தாலும், ஒன்றின் மீது ஒன்று படியாமல் ஒரே நேரத்தில் இயங்கக்கூடியவை மூன்றே: 1, 6, 11. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேச முடியும். மற்றவை காது கொடுத்துக் கேட்டு, அமைதி நிலவும்போதுதான் பேசத் தொடங்கும். பத்து வீடுகளில் பத்து ரவுட்டர்கள் இருந்தால், அவை மூன்று சேனல்களின் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சுவர்களை எளிதில் கடக்கும் இயல்பு தோப்பு வீட்டில் 2.4 ஜிகாஹெர்ட்ஸின் பலம்; அண்டை வீட்டு அலைகளும் உள்ளே புகுந்துவிடுவதால், லயத்திலும் நகர அடுக்குமாடிக் குடியிருப்பிலும் அதுவே பலவீனம்.

இதோடு, நுண்ணலை அடுப்பு, புளூடூத் சாதனங்கள் ஆகியவையும் அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகின்றன. அதிகம் அறியப்படாத இன்னொரு காரணமும் உண்டு. மடிக்கணினியில் செருகப்படும் யூஎஸ்பி 3.0 வகை ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்கக்கூடும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கை விளக்கியது. ஹார்டு டிஸ்க்கைச் செருகியதும் வைஃபை தடுமாறினால், 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பார்ப்பது நல்லது.

5 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறுவது லயங்களில் நன்மையாகிறது. அண்டை வீட்டு அலை உள்ளே வருவது குறைவு, சேனல்களும் அதிகம். ஓரிரு அறைகளே கொண்ட வீட்டில் ரவுட்டரும் மடிக்கணினியும் அருகருகே இருப்பதால் தூரமும் தடையாக இருப்பதில்லை.

2.4 ஜிகாஹெர்ட்ஸையே பயன்படுத்த வேண்டிய நிலையில், அண்டை வீட்டார் கலந்து பேசி 1, 6, 11 ஆகிய சேனல்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் அனைவருக்கும் பயன் கிடைக்கும். நெரிசலிலிருந்து தப்பிக்க நடுவே உள்ள 3 அல்லது 4ஆவது சேனலைத் தேர்ந்தெடுப்பது பலன் தராது. அது இருபுறமும் உள்ள சேனல்களோடு மோதும். சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்காமல் 20 மெகாஹெர்ட்ஸிலேயே வைத்திருப்பதும் நெரிசலைக் குறைக்கும்.

எண்கள் சொல்வது என்ன?

வைஃபையின் வேகத்துக்கு அலைவரிசை மட்டுமின்றி அதன் தலைமுறையும் காரணம். 2009இல் தரநிலையாக்கப்பட்டது வைஃபை 4. இரண்டு ஆண்டெனாக்கள் கொண்ட வைஃபை 4 மடிக்கணினி, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வினாடிக்கு அதிகபட்சம் 144 மெகாபிட் இணைப்பு வேகத்தைக் காட்டும். அடுத்து வந்த வைஃபை 5, 5 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்குவது. அதே இரண்டு ஆண்டெனாக்களுடன் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அது 867 மெகாபிட் வரை செல்லும். வைஃபை 6 தரத்தில் இது 1,201 மெகாபிட்டாக உயர்கிறது.

இவை காற்றில் சாத்தியமான உச்ச வேகங்கள். உண்மையில் கோப்பு இறங்கும் வேகம் பொதுவாக இதில் பாதியை ஒட்டியே இருக்கும். நெரிசலும் தூரமும் கூடினால் இன்னும் குறையும். இதிலிருந்து எளிய முடிவு ஒன்று கிடைக்கிறது. 20 முதல் 50 மெகாபிட் வரையிலான திட்டத்துக்கு, அண்டை வீடுகள் நெருங்காத இடத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸே போதுமானது. 100 மெகாபிட்டும் அதற்கு மேலும் கொண்ட திட்டத்தின் முழுப் பயன் மடிக்கணினிக்குக் கிடைக்க வேண்டுமானால், பெரும்பாலும் 5 ஜிகாஹெர்ட்ஸ் தேவை.

பயனாளர்கள் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்

முதல் சோதனை: ரவுட்டரையும் மடிக்கணினியையும் லேன் கேபிளால் நேரடியாக இணைத்து, வேகச் சோதனை இணையதளத்தில் வேகத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போது வீட்டின் மற்ற சாதனங்கள் இணையத்தைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. லேன் துளை இல்லாத மடிக்கணினி என்றால், ரவுட்டரிலிருந்து ஓரிரு மீட்டர் தொலைவில் அமர்ந்து 5 ஜிகாஹெர்ட்ஸில் சோதிக்கலாம்.

இரண்டாவது சோதனை: வழக்கமாக அமரும் இடத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பெயரில் இணைந்து சோதிக்க வேண்டும்.

மூன்றாவது சோதனை: அதே இடத்தில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரில் இணைந்து சோதிக்க வேண்டும்.

மூன்றையும் காலையில் ஒரு முறையும், பயன்பாடு மிகுந்த இரவு நேரத்தில் ஒரு முறையும் செய்தால் தெளிவான படம் கிடைக்கும். லேன் கேபிளிலேயே வேகம் குறைவாக இருந்தால், சிக்கல் வீட்டுக்கு வெளியே அல்லது ரவுட்டரில் உள்ளது. அலைவரிசையை மாற்றிப் பயனில்லை. கேபிளில் முழு வேகம் கிடைத்து வைஃபையில் குறைந்தால், சிக்கல் வீட்டுக்குள்ளே உள்ளது. கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறிப் பயனில்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸின் வேகம் காலையில் நன்றாக இருந்து இரவில் மட்டும் குறைந்தால், அதே நேரத்தில் கேபிளில் முழு வேகம் கிடைக்குமானால், அது அண்டை வீடுகளின் நெரிசலைக் காட்டுகிறது.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. விலை குறைந்த சில ரவுட்டர்களின் லேன் துளைகள் 100 மெகாபிட் வரை மட்டுமே செல்லக்கூடியவை. அத்தகைய ரவுட்டரில் 200 மெகாபிட் திட்டத்தைச் சோதித்தாலும் கேபிளில் 100ஐத் தாண்டாது.

மடிக்கணினியில் பார்ப்பது எப்படி?

விண்டோஸ் மடிக்கணினியில் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, வைஃபை இணைப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தைத் திறந்தால் 'நெட்வொர்க் பேண்ட்' என்ற வரியில் அலைவரிசையும், 'லிங்க் ஸ்பீடு' என்ற வரியில் இணைப்பு வேகமும் தெரியும். ஆப்பிள் மேக் கணினியில் 'ஆப்ஷன்' விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியீட்டைச் சொடுக்கினால் இவ்விவரங்கள் கிடைக்கும்.

ரவுட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்தும் மடிக்கணினியில் அந்தப் பெயர் தோன்றவில்லை என்றால், மடிக்கணினி பழைய ஒற்றை அலைவரிசை வகையாக இருக்கலாம். அதற்காகப் புதிய மடிக்கணினி வாங்க வேண்டியதில்லை. இரட்டை அலைவரிசை கொண்ட சிறிய யூஎஸ்பி வைஃபை அடாப்டரைப் பொருத்தினால் போதும். மறுபுறம், ரவுட்டரே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் கொண்டதாகவும் இருக்கலாம். இணைப்புப் பெறும்போதே இரட்டை அலைவரிசை ரவுட்டரா என்று கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

சில ரவுட்டர்கள் இரு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரை வைத்து, எதில் இணைப்பது என்பதைத் தாமே வழிநடத்துகின்றன. இது வசதியானது என்றாலும், மடிக்கணினி சில வேளைகளில் ரவுட்டருக்கு அருகில் வந்த பின்னரும் 2.4 ஜிகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வைஃபையை அணைத்து மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகும். அப்படியும் தொடர்ந்தால், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, மடிக்கணினியை 5 ஜிகாஹெர்ட்ஸிலும், கண்காணிப்புக் கேமரா, ஸ்மார்ட் பல்பு, பழைய கைப்பேசி ஆகியவற்றை 2.4 ஜிகாஹெர்ட்ஸிலும் பிரித்து வைக்கலாம். மெதுவாகப் பேசும் பழைய சாதனம் சேனலின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்ளும் என்பதால், இந்தப் பிரிவினை மடிக்கணினிக்கு நேரடிப் பலன் தரும்.

செலவு செய்யும் முன் இடத்தை மாற்றுங்கள்

ஃபைபர் கம்பி வீட்டுக்குள் நுழையும் மூலையிலேயே ரவுட்டரை மாட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. அதை வீட்டின் நடுப்பகுதிக்கு, மார்பளவு உயரத்துக்கு மேல், பீரோ மற்றும் தொலைக்காட்சியின் பின்புறம் அல்லாத திறந்த இடத்துக்கு மாற்றினாலே பல அறைகளுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் எட்டும். ஃபைபர் கம்பியைக் கூர்மையாக மடிக்கக் கூடாது என்பதால், இந்த மாற்றத்தை நிறுவனப் பணியாளரைக் கொண்டு செய்வது பாதுகாப்பானது.

பெரிய வீடுகளில் அலையைப் பெற்று மீண்டும் அனுப்பும் 'ரிப்பீட்டர்' கருவியைப் பலர் வாங்குகின்றனர். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவான கருவி, வேகத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைத்துவிடும். மாறாக, ரவுட்டரிலிருந்து தொலைவான அறைக்கு லேன் கேபிள் இழுத்து, அங்கே இரண்டாவது வைஃபை கருவியைப் பொருத்தினால் இந்த இழப்பு இல்லை. சாதாரண லேன் கேபிள் 100 மீட்டர் வரை இயங்கும். தோப்பில் தனித்து நிற்கும் விரிந்த வீடுகளுக்கு இதுவே நிலையான தீர்வு. இடம் மாறாமல் மேசையிலேயே இருக்கும் மடிக்கணினிக்கு வைஃபையே தேவையில்லை. கேபிளை நேரடியாகச் செருகுவதே மிகச் சிறந்தது.

அடுத்து வருவது 6 ஜிகாஹெர்ட்ஸ்

5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் குறைந்த ஆற்றல் வைஃபைக்கு உரிமம் இன்றித் திறந்துவிடும் வரைவு விதிகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. வைஃபை 6இ, வைஃபை 7 சாதனங்கள் பயன்படுத்தும் பகுதி இது. நெரிசல் குறைந்த இந்த அலைவரிசை, சுவரைக் கடப்பதில் 5 ஜிகாஹெர்ட்ஸைவிடச் சற்றுப் பின்தங்கியது. 20 அல்லது 50 மெகாபிட் திட்டம் கொண்ட வீட்டுக்கு, இதற்காக மட்டும் புதிய ரவுட்டர் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

புகார் அளிக்கும் வழி

லேன் கேபிள் சோதனையிலேயே வேகம் தொடர்ந்து குறைவாக இருந்தால், அதன் திரைப்பதிவுகளைத் தேதி, நேரத்துடன் சேமித்து, சேவை நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண்ணைப் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இயங்கும் மேல்முறையீட்டு அமைப்பை அணுகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் தொடர்புகொள்ளலாம். கேபிளில் அளந்த வேகம் கையில் இருந்தால், 'உங்கள் வைஃபைதான் காரணம்' என்ற பதிலுக்கு அங்கே இடமிருக்காது.

சுருக்கமாக, ரவுட்டர் உள்ள அறையிலோ அடுத்த அறையிலோ மடிக்கணினியைப் பயன்படுத்துவோருக்கும், அண்டை வீடுகள் நெருங்கிய லயம், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிப்போருக்கும் 5 ஜிகாஹெர்ட்ஸ் ஏற்றது. தனித்த வீட்டில் பல சுவர்களைத் தாண்டியோ முற்றத்திலோ பயன்படுத்துவோருக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ஏற்றது. கட்டணத்தை உயர்த்தும் முடிவை மூன்று சோதனைகளும் முடிந்த பிறகு எடுப்பதே சிக்கனமானது.